பழைய டேப், நடுராத்திரி, நாற்பத்தைந்து பாட்டு

மரத்திலிருந்து ஒரு பையன் குதித்தான். கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸ் என்றதும் பலருக்கும் ஹாலிவுட்தான் ஞாபகம் வரும். அதே நகரத்தின் தெற்குக் கோடியில், கடலை ஒட்டி, சான் பெட்ரோ என்றொரு துறைமுகப் பகுதி இருக்கிறது. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், கடற்படைக் குடும்பங்கள் என்று உழைத்துச் சாப்பிடுகிற ஜனங்களின் ஊர். 1970-களின் தொடக்கத்தில் ஒருநாள், மைக் வாட் என்ற பையன் அங்கே பெக் பார்க் பூங்கா வழியாக நடந்து போய்க்கொண்டிருந்தான். அப்பாவுக்குக் கடற்படை வேலை. வர்ஜீனியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். திடீரென்று மேலே கிளையிலிருந்து தொப்பென்று ஒருவன் எதிரே வந்து விழுந்தான். கூட்டாளிகளோடு ராணுவ விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தவன், ஆள் மாறிக் குதித்துவிட்டான். பெயர் டென்னிஸ் பூன். பிற்பாடு எல்லோருக்கும் அவன் 'டி. பூன்'.

பூன் வாயைத் திறந்தால் சிரிப்பு. நிறுத்தாமல் நகைச்சுவையாகப் பேசித் தள்ளினான். இவ்வளவு பெரிய அறிவாளியை இதுவரை பார்த்ததே இல்லையே என்று வாட் அசந்துபோனான். பிறகு ஒருநாள் பூன் வீட்டில் ஜார்ஜ் கார்லின் என்ற நகைச்சுவைக் கலைஞரின் ரெக்கார்டைப் போட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அத்தனையும் அந்த ரெக்கார்டிலிருந்து மனப்பாடம் செய்தது! ஆனால் அதற்குள் இருவரும் இணைபிரியாத சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள்.

பூனின் அப்பா கார்களுக்கு ரேடியோ பொருத்துகிற தொழிலாளி. பையன்கள் பள்ளி விட்டதும் தெருவில் சுற்றினால் வம்பில் மாட்டுவார்கள் என்பது அம்மாவின் கவலை. கையில் ஆளுக்கொரு வாத்தியத்தைக் கொடுத்துவிட்டால் வீட்டுக்குள்ளேயே இருப்பார்களே என்று யோசித்தார். தன் மகனுக்குக் கிதார், சிநேகிதனுக்கு பேஸ் கிதார் என்று அவரே பங்கு பிரித்தும் கொடுத்துவிட்டார். வாட் தானாக பேஸ் கிதாரைத் தேர்ந்தெடுக்கவில்லை. சிநேகிதனின் அம்மா சொன்னார், இவன் எடுத்துக்கொண்டான். ஐம்பது வருடமாகியும் கீழே வைக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், பேஸ் கிதார் என்றால் என்னவென்றே வாட்டுக்குத் தெரியாது. படத்தில் பார்த்தால் நாலு தந்திதான் இருந்தது. சரி, ஆறு தந்தியில் இரண்டைக் கழற்றிவிட்டால் பேஸ் ஆகிவிடும்போல என்று நினைத்து, சாதாரணக் கிதாரில் நாலு தந்தியை வைத்துக்கொண்டே வாசித்தான். அதன் தந்திகள் விரல் தடிமனுக்கு இருக்கும், ஒலி அடிவயிற்றிலிருந்து வரும் என்பதெல்லாம் நிஜ பேஸ் கிதாரை நேரில் பார்த்தபோதுதான் புரிந்தது. சுருதி சேர்ப்பதும் அப்படியே. சிலருக்குத் தந்தி இறுக்கமாக இருந்தால் பிடிக்கும், சிலருக்குத் தளர்வாக இருந்தால் பிடிக்கும், அது அவரவர் ருசி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்! இருவரும் சேர்ந்து வாசித்ததைக் கேட்டவர்கள் பாவம்தான்.

இப்படிச் சில வருடம், கேட்ட பாட்டையே திரும்ப வாசித்துக்கொண்டு காலம் போனது. ராக் இசை என்றால் பிரம்மாண்டமான அரங்கம், எட்டாத உயரத்தில் நட்சத்திரங்கள் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். சொந்தமாகப் பாட்டு எழுதலாம் என்ற எண்ணமே வரவில்லை. 1970-களின் பிற்பகுதியில் ஹாலிவுட்டின் சின்னச் சின்ன கிளப்புகளில் பங்க் இசை கேட்கப் போனபோதுதான் கண் திறந்தது. மேடையில் நின்றவர்கள் இவர்களைப் போலவேதான் இருந்தார்கள். சரியாக வாசிக்கக்கூடத் தெரியாது. ஆனால் பாட்டு அவர்களுடையது. ஊர் திரும்பிய இருவரும் எழுத உட்கார்ந்தார்கள்.

முதலில் 'ரியாக்‌ஷனரீஸ்' என்று ஒரு குழு. அது ஒரு வருடம்கூடச் சரியாக நிலைக்கவில்லை. 1980 தொடக்கத்தில் 'மினிட்மென்' பிறந்தது. சில மாதங்களிலேயே பழைய குழுவின் டிரம்மர் ஜார்ஜ் ஹர்லியும் திரும்பி வந்து சேர, மூவர் ஆனார்கள். பாட்டெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பதால்தான் இந்தப் பெயர் என்று பலர் எழுதிவிட்டார்கள். உண்மையில், அமெரிக்கச் சுதந்திரப் போரின் தொண்டர் படைக்கு இருந்த பெயர் இது. 1960-களில் ஒரு வலதுசாரிக் கும்பல் இதைத் தனக்குச் சூட்டிக்கொண்டிருந்தது. அதைக் கிண்டல் செய்வதும் இவர்களுக்கு ஒரு நோக்கம். அதே எழுத்துகளை வேறு மாதிரி உச்சரித்தால் ஆங்கிலத்தில் 'மிகச் சிறிய மனிதர்கள்' என்றும் ஆகும். அந்த அர்த்தம் அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பாட்டு குட்டையாக இருந்ததென்னவோ நிஜம். 'வயர்' என்ற இங்கிலாந்துக் குழுவைக் கேட்டுப் பிடித்த வழக்கம் அது. பல்லவியை மூன்று தடவை பாடுவானேன், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்தலாமே என்பது கட்சி.

அதே வட்டாரத்தில் 'பிளாக் ஃப்ளாக்' என்ற குழுவை நடத்திக்கொண்டிருந்தவர் கிரெக் ஜின். ஹாம் ரேடியோக் கருவிகளைத் தபாலில் விற்பதற்காகச் சிறு வயதில் அவர் தொடங்கிய வியாபாரத்தின் பெயர் எஸ்.எஸ்.டி. பெரிய கம்பெனிகள் தங்கள் பாட்டைச் சீண்டாததால், அந்தப் பெயரிலேயே தானே ரெக்கார்டு போட ஆரம்பித்திருந்தார். மினிட்மென் வாசித்ததைக் கேட்டுவிட்டு, நீங்களும் பதிவு செய்கிறீர்களா என்று கூப்பிட்டார். எஸ்.எஸ்.டி.யின் முதல் ரெக்கார்டு ஜின்னின் குழுவுடையது, இரண்டாவது இவர்களுடையது. 1980 கடைசியில் 'பாரனாய்டு டைம்' வெளிவந்தது. ஏழு பாட்டு. மொத்தமும் சேர்த்து ஏழு நிமிடம்கூட இல்லை. அடுத்த வருடம் வந்த 'தி பஞ்ச் லைன்' ஆல்பத்தில் 18 பாட்டு, 15 நிமிடம். இட்லி வேகிற நேரத்தில் ஒரு ஆல்பம்!

இவர்கள் பதிவு செய்த விதத்தைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்றைக்குக் கையில் இருக்கிற போனிலேயே பாட்டைப் பதிந்து, அன்று மாலையே உலகத்துக்கு அனுப்பிவிடலாம். அன்று அப்படியில்லை. அகலமான காந்த நாடாச் சுருள் வேண்டும். அதன் விலையைக் கேட்டாலே மயக்கம் வரும். ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை. ஒரு பாட்டுக்கு இருபது டேக் வாங்கி, பிடித்ததைப் பொறுக்கி, பிளேடால் நாடாவை வெட்டி ஒட்டி வரிசைப்படுத்தி, பிறகு மிக்ஸிங் என்று உட்கார்ந்தால் வாரக்கணக்கில் போகும். அத்தனைக்கும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். பெரிய கம்பெனி முன்பணம் கொடுக்கும்தான். ஆனால் அது கடன். ரெக்கார்டு விற்று அந்தக் கடன் தீரும்வரை பாடுகிறவன் கைக்குக் காசு வராது. கடன் கொடுத்தவன், பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லத்தானே செய்வான்.

மினிட்மென் அந்தப் பக்கமே போகவில்லை. வேறு யாரோ பயன்படுத்திவிட்டுப் போட்ட பழைய டேப்பை வாங்கி, அதன் மேலேயே பதிவு செய்தார்கள். நடுராத்திரிக்கு மேல் ஸ்டூடியோ காலியாகக் கிடக்கும், வாடகையும் குறைவு. எனவே ஊர் தூங்குகிற நேரத்தில் போய், விடிவதற்குள் முடித்துக்கொண்டு வந்தார்கள். ஆல்பத்தில் எந்த வரிசையில் பாட்டு வர வேண்டுமோ, அதே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துப் பதிந்தார்கள். வெட்டி ஒட்டுகிற செலவு மிச்சம். இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் உள்ளே நுழையும்போதே பாட்டு மனப்பாடமாக இருக்க வேண்டும். அதற்காக வாரக்கணக்கில் வீட்டில் ஒத்திகை. வீட்டில் தப்பு செய்தால் காசு கிடையாதே!

இந்தச் சிக்கனத்துக்கு அவர்கள் வட்டாரத்தில் 'எக்கனோ' என்று பெயர். ஃபோர்டு கம்பெனியின் எக்கனோலைன் வேன் பெயரிலிருந்து எடுத்தது. நம் ஊரில் விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்களே, ஏறக்குறைய அதுதான். சொந்த வேன், சொந்தச் சாமான், தூக்குவதும் இறக்குவதும் அவர்களே. ஊர் ஊராகப் போவார்கள். தெரிந்தவர் வீட்டுத் தரையில் படுத்துக்கொள்வார்கள். உலகத்தில் இருப்பதே இரண்டு வகைதான் என்று அவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள்: ஒன்று கச்சேரி, மற்றது எல்லாமே கச்சேரிக்கு ஆள் சேர்க்கிற நோட்டீஸ். ஆல்பம்கூட அவர்கள் கணக்கில் நோட்டீஸ்தான். நோட்டீஸ் அச்சடிக்க யாராவது வீட்டை அடகு வைப்பார்களா?

கையில் காசில்லாததால் அப்படி ஆரம்பித்தார்கள் என்பது உண்மை. ஆனால் சீக்கிரமே அதன் இன்னொரு பலனும் தெரிந்துவிட்டது. நஷ்டமே வர முடியாத செலவில் ரெக்கார்டு போட்டால், யாரையும் திருப்திப்படுத்த வேண்டியதில்லை. ஜாஸ் வேண்டுமா, ஃபங்க் வேண்டுமா, மத்திய அமெரிக்கப் போரைப் பற்றிப் பாட வேண்டுமா, தாராளமாகச் செய்யலாம். பங்க் ரசிகர்களே சில ஊர்களில் இது பங்க்கே இல்லை என்று கத்தினார்கள், கையில் கிடைத்ததை எறிந்தார்கள். மூவரும் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

மூவருக்குள்ளும் யார் பெரியவர் என்ற பேச்சே கூடாது என்பதில் பூன் பிடிவாதமாக இருந்தார். சாதாரணமாக ராக் குழுவில் கிதார்தான் ராஜா. பேஸ் பின்னால் எங்கோ முனகிக்கொண்டிருக்கும். பூன் தன் கிதாரின் கனத்த ஒலியை முழுக்கக் குறைத்து, சன்னமான, கீச்சென்ற ஒலியை மட்டும் வைத்துக்கொண்டார். கீழே காலியான இடமெல்லாம் வாட்டின் பேஸுக்கும் ஹர்லியின் டிரம்ஸுக்கும். அவருடைய அரசியலும் அதுதான். மேடையில் சமத்துவம் பேசுகிறவர்கள் உண்டு. ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகிக் காட்டியவர் இவர்.

1983 கடைசியில், வெனிஸ் கடற்கரைப் பகுதியில் உள்ள 'ரேடியோ டோக்கியோ' என்ற ஸ்டூடியோவில், ஈதன் ஜேம்ஸ் என்பவரோடு உட்கார்ந்து ஓர் ஆல்பத்துக்குத் தேவையானதைப் பதிந்து முடித்திருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து மினசோட்டாவிலிருந்து 'ஹஸ்கர் டூ' என்ற குழு வந்து இறங்கியது. அவர்களும் எஸ்.எஸ்.டி.தான், அவர்களுடைய முதல் ஆல்பத்தை வெளியிட்டதே வாட்டும் பூனும் நண்பரோடு சேர்ந்து நடத்திய 'நியூ அலையன்ஸ்' என்ற குட்டி லேபிள். வந்தவர்கள் இரண்டு தட்டு கொண்ட பெரிய ஆல்பம் ஒன்றைப் பதிந்துவிட்டுப் போனார்கள். பெயர் 'ஜென் ஆர்கேட்'. செலவு 3,200 டாலர்.

நண்பன் இரண்டு தட்டு போட்டால் நாம் சும்மா இருப்பதா! பதிந்ததை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, இன்னும் இருபது பாட்டுக்கு மேல் எழுதத் தொடங்கினார்கள். வார்த்தை போதவில்லை என்றதும் வாட் நண்பர்களிடமும் கேட்டு வாங்கினார். ஒரு பாட்டுக்கு வாட் எழுதியதைப் பார்த்த பூன், ஒன்றுமே புரியவில்லை, தரையில் கால் பதிகிற மாதிரி ஏதாவது கொடு என்றார். வாட் என்ன செய்தார் தெரியுமா? வாடகை வீட்டுக்காரம்மா எழுதி வைத்திருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தார். ஷவரில் தண்ணீர் ஒழுகுகிறது, குளிக்காதீர்கள் என்கிற சமாசாரம். அதையே பாட்டாக்கிவிட்டார்கள்.

1984 ஏப்ரலில் இரண்டாவது தடவை ஸ்டூடியோ. மொத்தம் 45 பாட்டு. அவ்வளவையும் ஒரே ராத்திரியில் மிக்ஸிங் செய்தார்கள். ஆல்பத்துக்கு ஆன மொத்தச் செலவு 1,100 டாலர். எந்தப் பாட்டு எந்தப் பக்கம் என்பதற்கும் சண்டையில்லை. ஆளுக்கொரு பக்கம், முறைவைத்து, பிடித்த பாட்டைத் தேர்ந்துகொண்டார்கள். யாரும் எடுக்காமல் மிஞ்சியதெல்லாம் நாலாவது பக்கம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பதர்'. ஒவ்வொருவர் பக்கமும் அவரவர் கார் கிளம்புகிற சத்தத்தோடு ஆரம்பிக்கும்.

தலைப்பு 'டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்'. அதற்கு ஒரு கதை. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் அப்போது மணிக்கு 55 மைல்தான் சட்டப்படியான வேகம். என்னால் 55-ல் ஓட்ட முடியாது என்று சாமி ஹாகர் என்ற பாடகர் வீராப்பாக ஒரு பாட்டுப் போட்டிருந்தார். இவர்கள் பதிலுக்கு, நாங்கள் காரைச் சட்டப்படி சரியாக 55-ல்தான் ஓட்டுவோம், துணிச்சலைப் பாட்டில் காட்டுகிறோம் என்றார்கள். அட்டையில் வாட் தன் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரை ஓட்டுகிறார். வேகமானி முள் மிகச் சரியாக 55-ல் நிற்கிறது. கண்ணாடியில் அவர் கண்கள். எதிரே சான் பெட்ரோவுக்கு வழிகாட்டும் பலகை. மூன்றும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்று நண்பர் ஒருவர் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு திரும்பத் திரும்ப எடுத்த படம் அது. ஒருத்தருக்குக்கூட அந்த ஜோக் புரியவில்லை என்று வாட் பிற்பாடு அலுத்துக்கொண்டார்.

1984 ஜூலையில் ஆல்பம் வெளிவந்தது. அமெரிக்கச் சுயாதீன ராக் இசையின் மிகச் சிறந்த ஆல்பங்களில் ஒன்று என்று இன்றும் விமர்சகர்கள் எழுதுகிறார்கள். அதில் 'கரோனா' என்ற பாட்டைப் பல வருடம் கழித்து 'ஜாக்காஸ்' என்ற டி.வி. நிகழ்ச்சி முகப்பிசையாக எடுத்துக்கொண்டது. குட்டிக்கரணம் அடித்துக் கை காலை உடைத்துக்கொள்கிறவர்களின் நிகழ்ச்சி. பூன் அதை எழுதியது, மெக்ஸிகோ கடற்கரையில் காலி பாட்டில் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் ஏழைப் பெண்மணியைப் பார்த்த பிறகு.

அடுத்த வருடம் ஒரு வேடிக்கை செய்தார்கள். வியாபாரத்துக்காகவே பாட்டுப் போட்டால் எப்படியிருக்கும் என்று, நீளமான பாட்டு, ட்ரம்பெட், கூடுதல் செலவு எல்லாம் சேர்த்து 'புராஜெக்ட்: மெர்ஷ்' என்று ஒரு ரெக்கார்டு. அட்டைப்படம் பூனே வரைந்தது. நடுராத்திரியில் பழைய டேப்பில் போட்டதைவிட அது குறைவாகத்தான் விற்றது!

1985 டிசம்பரில் ஆர்.இ.எம். குழுவின் சுற்றுப்பயணத்தில் முன்கச்சேரி வாசிக்கிற வாய்ப்பு கிடைத்தது. பெரிய அரங்கங்கள், புது முகங்கள். வட கரோலினாவின் ஷார்லட் நகரத்தில் கடைசிக் கச்சேரியை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். டிசம்பர் 22. அரிசோனா பாலைவனத்துச் சாலையில் பூன் சென்ற வேன் விபத்துக்குள்ளானது. காய்ச்சலில் பின்னால் படுத்துக்கொண்டிருந்தவர் தூக்கி எறியப்பட்டார். வயது 27.

வாட் வாத்தியத்தைத் தொடவில்லை. எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்தார். கடைசி ஆல்பத்தோடு, எந்தெந்தப் பாட்டை நேரடிக் கச்சேரி ஆல்பமாகப் போடலாம் என்று கேட்டு ரசிகர்களுக்கு ஒரு வாக்குச்சீட்டு வைத்திருந்தார்கள். அந்த வாக்குகளை வைத்து 1987-ல் ஓர் ஆல்பம் தொகுத்து வெளியிட்டார்கள். பெயரே 'பேலட் ரிசல்ட்', அதாவது தேர்தல் முடிவு.

இதற்கிடையில் ஒஹாயோவிலிருந்து எட் கிராஃபோர்டு என்ற ரசிகர் வாட்டைத் தேடி சான் பெட்ரோவுக்கே வந்து சேர்ந்தார். புது ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்ன பொய்யை நம்பி வந்தவர். விடாமல் கெஞ்சி, வாட்டையும் ஹர்லியையும் மறுபடி வாசிக்க வைத்துவிட்டார். அந்தப் புதுக்குழு 'ஃபயர்ஹோஸ்'. அதில் தொடங்கி, வாட் போடுகிற ரெக்கார்டுகளை டி. பூனுக்குத்தான் காணிக்கையாக்குகிறார்.

விளம்பரத்துக்குப் பாட்டைக் கொடுக்கிறவர்கள் இல்லை அவர்கள். ஒரே ஒரு முறை, வோல்வோ கார் கம்பெனி 'டபுள் நிக்கல்ஸ்' ஆல்பத்திலிருந்து பாடல் வரிகள் இல்லாத ஓர் இசைத்துண்டைக் கேட்டபோது வாட் சம்மதித்தார். பூனின் அப்பாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை. கார்களுக்கு ரேடியோ பொருத்திப் பிள்ளையை வளர்த்த அந்த மனிதருக்கு, கார் விளம்பரத்தில் வந்த பணம் போய்ச் சேர்ந்தது.